ஸ்கேன்ல குழந்தை பெருசுன்னு வந்தா: முன்னாடியே வலி வரவைக்கிறதா, காத்திருக்கிறதா, ஆபரேஷனா?

37, 38 வாரத்து ஸ்கேன் ரிப்போர்ட்ல குழந்தை வெயிட்டு 3.8 கிலோன்னு இருந்தா போதும், ஆஸ்பத்திரி வாசல் தாண்டறதுக்குள்ளயே வீட்டுல ஆளாளுக்கு பேச ஆரம்பிச்சுருவாங்க. "இப்பவே ஜெல் வெச்சு எடுத்துரலாம் கண்ணு, இன்னும் வளந்தா உனக்குத்தான் கஷ்டம்"னு அம்மா சொல்லுவாங்க, "வலி வர்ற நேரத்துக்கு தானா வரும், எதுக்கு அவசரம்"னு மாமியார் சொல்லுவாங்க, "ஆபரேஷனே பண்ணிட்டா டென்ஷன் இல்லைல்ல"ன்னு வீட்டுக்காரர் கேப்பாரு. மூணு பேரும் பாசத்துல தான் சொல்றாங்க, ஆனா புள்ளைய சுமக்கறவளுக்கு இந்த மூணுல எது பொருந்தும், எதுக்காகப் பொருந்தும்னு பொறுமையா எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்கறதில்ல. நான் டாக்டர் இல்லீங்க. எங்க சொந்தத்துல இந்த நிலைமை வந்தப்ப கூட இருந்து, டாக்டருங்க கிட்ட கேட்டு, வெளிவந்த ஆராய்ச்சிய தேடிப் படிச்சு தெரிஞ்சுக்கிட்டத எழுதறேன், உங்க டாக்டர் கிட்ட சரியான கேள்விய கேக்க இது உதவணும்னு தான்.

என் முடிவ முதல்லயே சொல்லிடறேன். சுகர், பிரஷர் மாதிரி வேற எந்தக் காரணமும் இல்லாதவங்களுக்கு வெறும் வெயிட்டு நம்பர மட்டும் பாத்து 39 வாரத்துக்கு முன்னாடி வலி வரவைக்க சம்மதிக்காதீங்க. 39 தாண்டிட்டா ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, பேசி முடிவெடுக்கலாம். சுகர் இருந்தா கணக்கே வேற.

பெருசுன்னா எவ்ளோன்னு முதல்ல தெளிவாக்கிக்கணும். மருத்துவத்துல 4 கிலோவுக்கு மேலன்னு வெப்பாங்க, சில இடத்துல 4.5 கிலோ. நம்ம ஊர்ல பிறக்கற குழந்தைங்களோட சராசரி 3 கிலோவ தொடறதில்லங்கறதால 3.4, 3.5ன்னு கேட்டாலே நமக்குப் பெருசாத் தெரியுது. முன்னாடியே வலி வரவெச்சா நல்லதுன்னு ஒரு ஐரோப்பிய ஆராய்ச்சி சொல்லுது, கீழ சொல்றேன், அதுல சேத்துக்கிட்டதே 36 வாரத்துல 3.5 கிலோ, 37ல 3.7, 38ல 3.9 கிலோவுக்கு மேல ஸ்கேன்ல வந்தவங்களத்தான். 38 வாரத்துல 3.4 கிலோன்னு வந்த பொண்ணுக்கு அந்த ஆராய்ச்சிய காட்டி பேசறதுல அர்த்தமே இல்ல.

அடுத்து அந்த நம்பரே எவ்ளோ நம்பகமானதுன்னு பாருங்க. ஸ்கேன் மெஷின் குழந்தைய தராசுல வெச்சு எடை போடறதில்ல, தலை சுத்தளவு, வயித்து சுத்தளவு, தொடை எலும்பு நீளம் இதெல்லாம் அளந்து ஒரு சூத்திரத்துல போட்டு கணக்கு சொல்லுது, அதுல 10லருந்து 15 சதவீதம் வரைக்கும் மேல கீழ போகலாம், நிறைய ரிப்போர்ட்ல வெயிட்டுக்கு பக்கத்துலயே கூட்டல் கழித்தல் குறி போட்டு இத்தனை கிராம்னு அச்சடிச்சே இருக்கும், யாரும் அத பாக்கறதில்ல. 4 கிலோன்னு வந்தா நிஜத்துல 3.4ஆவும் இருக்கலாம், 4.6ஆவும் இருக்கலாம். எங்க பக்கத்துலயே ஒரு பொண்ணுக்கு 3.9ன்னு சொல்லி பயந்து கடைசில 3.3 கிலோல பிறந்துச்சு, இன்னொருத்தருக்கு எதுவுமே சொல்லாம 4 கிலோவ தாண்டி சுகப்பிரசவமாச்சு. பெரிய குழந்தைங்க கிட்ட இந்த தப்பு இன்னும் கூடுதலா வரும்.

தேதியையும் ஒரு தடவை சரிபாருங்க. தலைப்பிரசவம்னா வளைகாப்பு முடிச்சு அம்மா வீட்டுக்கு வந்துருவோம், அங்க பாத்த டாக்டர் வேற, இங்க பாக்கற டாக்டர் வேற, ஃபைலும் ரெண்டா இருக்கும். மாதவிலக்கு தேதி முன்ன பின்ன இருந்து, முதல் மூணு மாசத்துல எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் கையில இல்லாம போனா, 39 வாரக் குழந்தைய 37 வாரம்னு நெனச்சு பெருசுன்னு சொல்லவும் வாய்ப்பிருக்கு, 36 வாரக் குழந்தைய 38ன்னு நெனச்சு முன்னாடியே எடுத்துடவும் வாய்ப்பிருக்கு. ரெண்டாவது தான் ரொம்ப ஆபத்து. அதனால அந்த 11, 12 வாரத்து ஸ்கேன் ரிப்போர்ட்ட பத்திரமா வெச்சு புது டாக்டர் கிட்ட காட்டுங்க.

சரி, பெருசாவே இருந்தா டாக்டருங்க எதுக்கு பயப்படறாங்க? முக்கியமா தோள் மாட்டிக்கறதுக்குத்தான். தலை வெளிய வந்துரும், தோள் இடுப்பெலும்புக்குப் பின்னாடி நின்னுரும், அந்த சில நிமிஷத்துல சரியா செய்யணும். காலு ரெண்டையும் நல்லா மடக்கி வயித்தோட சேத்துப் புடிச்சு, அடிவயித்துல ஒருத்தர் அழுத்தி தோள விடுவிப்பாங்க, நிறைய நேரம் இதுலயே வந்துரும். வராம இழுக்க வேண்டி வந்தா கழுத்துகிட்ட இருக்கற நரம்பு இழுபட்டு குழந்தைக்கு ஒரு கை தூக்க முடியாம போகலாம், காறை எலும்பு முறியலாம், ரொம்ப நேரமானா மூச்சுத்திணறல். எலும்பு சில வாரத்துல கூடிரும், நரம்பு பாதிப்பும் பெரும்பாலும் மாசக்கணக்குல சரியாகிரும், நிரந்தரமா நிக்கறது பத்துல ஒண்ணுக்கும் கம்மி. ஆனா அந்த ஒண்ணு நம்ம புள்ளையா இருந்துட்டாங்கற பயம் டாக்டருக்கும் இருக்கு, நமக்கும் இருக்கு, அத சின்னதா நெனச்சுத் தள்ளிட முடியாது. இதுல இன்னொரு விஷயம், தோள் மாட்டிக்கற பிரசவங்கள்ல கிட்டத்தட்ட பாதி 4 கிலோவுக்கு கீழ இருக்கற குழந்தைங்களுக்குத்தான் நடக்குது, அதனால ஸ்கேன் வெயிட்ட மட்டும் வெச்சு யாருக்கு மாட்டும்னு யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது.

இப்ப முன்னாடியே வலி வரவைக்கறதோட பலன் என்னன்னு பாக்கலாம். 2015ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்த ஆராய்ச்சி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் மூணு நாட்டுல 822 பொண்ணுங்க. 37, 38 வாரத்துல வலி வரவெச்சவங்கள்ல தோள் மாட்டறது, அதனால வர்ற காயம் எல்லாம் சேத்து 100க்கு 2, காத்திருந்தவங்கள்ல 100க்கு 6. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம நிஜமா பயப்படற நரம்பு பாதிப்பு ரெண்டு பக்கத்துலயும் ஒருத்தருக்கும் வரல. சிசேரியனும் கூடல, இதையும் சொல்லணும், ஏன்னா வலி வரவெச்சா ஆபரேஷன்ல தான் முடியும்னு நம்ம ஊர்ல எல்லாரும் அடிச்சு சொல்றாங்க, ஆராய்ச்சில அப்படி வரல. இந்த மாதிரி நாலு ஆராய்ச்சிய, மொத்தம் 1,190 பேர, ஒண்ணா சேத்துப் பாத்த காக்ரேன் தொகுப்புல (மருத்துவ ஆராய்ச்சிகள திரட்டி அலசற அமைப்பு அது) தோள் மாட்டறது 1000க்கு 68லருந்து 41ஆ குறையுது, எலும்பு முறிவு 1000க்கு 20லருந்து 4ஆ. அதாவது ஒரு எலும்பு முறிவ தடுக்க 60 பேருக்கு வலி வரவைக்கணும். இன்னொரு பக்கம், முன்னாடியே பிறந்த குழந்தைங்களுக்கு மஞ்சள் காமாலைக்காக லைட்டுல வைக்கிறது அதிகமாச்சு.

அதுக்கப்புறம் 2025ல இங்கிலாந்துப் பக்கம் இருந்து பெரிய ஆராய்ச்சி ஒண்ணு வந்துச்சு, பிக் பேபி ட்ரயல்னு பேரு, 106 ஆஸ்பத்திரி, 2,893 பொண்ணுங்க, சுகர் இல்லாதவங்க மட்டும். 38 வாரத்துல வலி வரவெச்சவங்கள்ல தோள் மாட்டினது 2.3 சதவீதம், வழக்கமா கவனிச்சவங்கள்ல 3.1 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாவும் வந்திருக்கலாம்னு தான் கணக்கு சொல்லுது, ஏன்னா காத்திருந்த குரூப்லயும் நிறைய பேருக்கு சீக்கிரமே பிரசவமாகிருச்சு. ஆராய்ச்சில திட்டம் போட்டபடியே பிரசவம் நடந்தவங்கள மட்டும் எடுத்துப் பாத்தா பலன் கொஞ்சம் தெளிவாத் தெரியுது. இதெல்லாம் சேத்து எனக்குப் புரியறது என்னன்னா பலன் கொஞ்சம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா "இப்ப எடுக்கலன்னா குழந்தைக்கு ஆபத்து"ன்னு ஒரு கர்ப்பிணிய பயமுறுத்தற அளவுக்கு இல்லவே இல்ல. அமெரிக்க மகப்பேறு டாக்டருங்க அமைப்பும் குழந்தை பெருசா இருக்கலாம்ங்கற சந்தேகம் 39 வாரத்துக்கு முன்னாடி வலி வரவைக்க காரணம் ஆகாதுன்னு தான் சொல்லுது.

37க்கும் 39க்கும் ரெண்டு வாரம் தான வித்தியாசம்னு கேப்பாங்க. அந்த ரெண்டு வாரத்துல தான் நுரையீரல் முழுசா பக்குவமாகுது, பால் குடிக்கற தெம்பு வருது, உடம்பு சூட்டையும் சுகரையும் தானே சமாளிக்க கத்துக்குது. பாக்க 3.5 கிலோ கொழுகொழுன்னு இருந்தாலும் 37 வாரக் குழந்தை 37 வாரக் குழந்தை தான்.

வலி வரவைக்கறதுன்னா என்னன்னு கூட நிறைய பேருக்கு சொல்றதில்ல, "வந்து அட்மிட் ஆகுங்க, ஜெல் வைக்கலாம்" அவ்ளோதான். உள்ள பரிசோதனை பண்ணி கர்ப்பவாய் எவ்ளோ மிருதுவா இருக்கு, எவ்ளோ திறந்திருக்கு, தலை இறங்கிருக்கான்னு பாத்து ஒரு மார்க் போடுவாங்க, பிஷப் ஸ்கோர்னு பேரு. ஸ்கோர் நல்லா இருந்தா பனிக்குடத்த உடைச்சு ட்ரிப்ஸ்ல ஊசி மருந்து ஏத்தினாலே வலி புடிச்சுக்கும். கர்ப்பவாய் கெட்டியா மூடிட்டு இருந்தா ஜெல், இல்ல மாத்திரை, இல்ல பலூன் மாதிரி ஒரு டியூப் வெச்சு முதல்ல அத பழுக்க வைக்கணும், தலைப்பிரசவத்துல இதுக்கே ஒரு நாள், சில பேருக்கு ரெண்டு நாள் ஆகும். வலியும் கெட்டியா வரும், ட்ரிப்ஸ் ஓடறதால இதயத்துடிப்பு மெஷின் மாட்டி படுக்க வெச்சுருவாங்க. ஏற்கனவே ஒரு சிசேரியன் ஆனவங்களுக்கு இதுல சில மருந்துங்கள போடவே கூடாது, தையல் விட்டுப் போற ஆபத்து இருக்கு, அவங்க இந்தக் கட்டுரைய வெச்சு எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

வலி வரவெச்சா சிசேரியன் அதிகமாகாதுங்கறது எல்லாம் ஆஸ்பத்திரி எவ்ளோ பொறுமையா இருக்குங்கறதப் பொறுத்தது. 2018ல அமெரிக்காவுல 6,106 தலைப்பிரசவக்காரங்கள எடுத்து, அதுல பாதிப் பேருக்கு 39 வாரத்துல வலி வரவெச்சுப் பாத்தாங்க, குழந்தை பெருசுங்கறதுக்காக இல்ல, எந்தப் பிரச்சனையும் இல்லாதவங்க தான். வலி வரவெச்சவங்கள்ல சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவங்கள்ல 22.2. குறைஞ்சிருக்கு. ஆனா அங்கெல்லாம் பனிக்குடம் உடைச்சு ட்ரிப்ஸ் போட்டப்புறம் 12லருந்து 18 மணி நேரமாவது பாத்துட்டுத்தான் முடியலன்னு முடிவு பண்ணணும்னு வழிமுறை இருக்கு. காலைல ஜெல் வெச்சு சாயங்காலம் "முன்னேற்றம் இல்லம்மா, தியேட்டர் ரெடி"ங்கற இடத்துல அந்த பலன எதிர்பாக்க முடியுமா? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 100 பிரசவத்துக்கு 45 சிசேரியன், தனியார்ல 64 கிட்ட, அரசு ஆஸ்பத்திரில 36. அதனால "வலி வரவெச்சா எத்தனை மணி நேரம் வரைக்கும் பொறுப்பீங்க?"ன்னு தைரியமா கேளுங்க, அது மரியாதைக் குறைவு இல்ல. இன்னொண்ணும் சொல்லணும், பெரிய குழந்தைன்னு ஃபைல்ல எழுதிட்டாலே சிசேரியன் கூடுதுன்னு வேற ஆராய்ச்சிங்க காட்டிருக்கு, பிறந்தப்புறம் பாத்தா குழந்தை சாதாரண வெயிட்டு தான். எழுதின அந்த வார்த்தையே எல்லாரோட கையையும் அவசரப்படுத்திருது.

நேரா ஆபரேஷன்ங்கறவங்களுக்கு. 1996ல வந்த ஒரு கணக்கு இது, சுகர் இல்லாதவங்கள்ல ஸ்கேன்ல 4.5 கிலோன்னு வந்த எல்லாருக்கும் ஆபரேஷன் பண்ணினா ஒரே ஒரு நிரந்தர கை பாதிப்ப தடுக்க 3,695 ஆபரேஷன் பண்ணணும். சுகர் இருக்கறவங்கள்ல அதே 443. அமெரிக்கக் கணக்குல சுகர் இல்லன்னா 5 கிலோ, இருந்தா 4.5 கிலோ தாண்டினா தான் ஆபரேஷன் பத்தி யோசிக்கவே சொல்றாங்க. நம்ம நாட்டு வழிகாட்டுதல்ல சுகர் இருந்து 4 கிலோவுக்கு மேலன்னா 39 வாரத்துல ஆபரேஷன யோசிக்கலாம்னு இருக்கு, நம்ம பொண்ணுங்களுக்கு இது நியாயமாத்தான் படுது. 3.7 கிலோவுக்கு, சுகரும் இல்லாம, வெயிட்டுக்காக மட்டும் ஆபரேஷன்னா நான் கண்டிப்பா இன்னொரு டாக்டர் கிட்ட கேப்பேன். இந்த ஆபரேஷன் இதோட முடியறதில்ல, அடுத்த புள்ளைக்கு நஞ்சுக்கொடி பழைய தையல்ல ஒட்டிக்கற ஆபத்து வரைக்கும் கூடவே வருது.

சுகர் பத்தி தனியா சொல்லணும், இங்கதான் முடிவு நிஜமாவே மாறுது. அம்மாவோட ரத்தத்துல சர்க்கரை கூடினா அது குழந்தைக்கும் போகும், குழந்தையோட கணையம் இன்சுலின நிறைய சுரக்கும், அந்த இன்சுலின் குழந்தைய வளத்துவிடும், ஆனா தலைய விட தோள்லயும் வயித்துலயும் தான் கொழுப்பு சேரும். அதனால ஒரே 4 கிலோவா இருந்தாலும் சுகர் அம்மாவோட குழந்தைக்குத் தோள் மாட்டற வாய்ப்பு கூடுதல், கடைசி வாரங்கள்ல வயித்துக்குள்ளயே துடிப்பு நின்னு போற ஆபத்தும் கொஞ்சம் கூடுது. நம்ம தமிழ்நாட்டுல எல்லா கர்ப்பிணிக்கும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வெச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்து 140 தாண்டுதான்னு பாக்கறாங்களே, சென்னை டாக்டர் சேஷய்யா பாடுபட்டு கொண்டுவந்த முறை அது, குடிக்க குமட்டுதுன்னு தயவுசெஞ்சு தட்டிக் கழிக்காதீங்க. சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் அப்புறம் 120க்குள்ள வெச்சுக்கிட்டா குழந்தை ரொம்ப பெருசாகறதையே குறைக்கலாம், மத்த எல்லா வழியையும் விட இதுக்குத்தான் உறுதியான பலன். சேலத்துல மாம்பழ சீசன்ல மாசமா இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும், வீடு பூரா மல்கோவா வாசனை அடிக்கும், ஆனாலும் ஒரு சின்ன துண்டோட நிறுத்துங்க. சுகர் இருக்கறவங்களுக்கு 39 வாரத்துலயோ அதுக்கப்புறமோ வலி வரவைக்கலாம்னு டாக்டர் சொன்னா நான் சரின்னு தான் சொல்லுவேன். அதுக்கு முன்னாடியேன்னா சுகர் கட்டுக்குள்ள இல்லையா, பனிக்குடத் தண்ணி அளவுல, பிரஷர்ல எதாவது பிரச்சனை இருக்கான்னு காரணத்த கேட்டுக்குங்க, இருந்தா தாமதிக்காதீங்க.

ஏற்காடு, அதைச் சுத்தின மலை ஊருல இருக்கறவங்களுக்கு இன்னொரு யோசனை ஓடும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வரணும், உள் கிராமம்னா ஏற்காடு டவுனுக்கு வர்றதுக்கே ஜீப் புடிக்கணும், ராத்திரி மழையும் பனியும் இருந்தா 108 வண்டியும் மெதுவாத்தான் ஏறும். "பெரிய குழந்தை வேற, நடுராத்திரி வலி வந்தா என்ன பண்றது, பேசாம 37லயே எடுத்துரலாம்"னு எங்க சித்தி பொண்ணுக்கும் சொன்னாங்க, அவ எஸ்டேட் பக்கம் குடியிருக்கறா. பயம் நியாயம் தான், ஆனா ரோடு தூரமா இருக்கறதுக்கு வழி கீழ வந்து தங்கறது தான், பக்குவமாகாத குழந்தைய வெளிய எடுக்கறது இல்ல. அவ 38 வாரத்துல சேலம் கோரிமேட்டுல சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்துட்டா, லேசா சுகர் இருந்ததால 39 முடிஞ்சப்புறம் ஜெல் வெச்சு சுகப்பிரசவமாச்சு. கீழ சொந்தம் இல்லாதவங்க கிராம சுகாதார செவிலியர் கிட்ட கேளுங்க, மலைவாழ் மக்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல பிரசவத்துக்கு முன்னாடியே வந்து தங்கறதுக்கு காத்திருப்பு அறைன்னு அரசாங்கமே வெச்சிருக்கு. ரெண்டாவது, மூணாவது பிரசவம், போன தடவை ரொம்ப வேகமா ஆகிருச்சு, கீழ தங்கவும் வழியில்லன்னா 39ல தேதி குறிச்சு வலி வரவைக்கறது சரியான முடிவு தான், தூரத்த ஒரு காரணமா டாக்டருங்களும் ஏத்துக்கறாங்க. 39ல தான், 37ல இல்ல.

வீட்டுல பெரியவங்க பங்குனி கடைசில "சித்திரைல பிறக்கக் கூடாது, அதுக்குள்ள எடுத்துருங்க"ன்னு நெருக்குவாங்க, குழந்தை பெருசுன்னு ஒரு ரிப்போர்ட்டும் கையில கிடைச்சுட்டா கேக்கவே வேண்டாம். நம்பிக்கைய நான் குறை சொல்லல, எனக்கும் நாள் நட்சத்திரம் பாக்கற வழக்கம் உண்டு. ஆனா நட்சத்திரம் 39க்கு அப்புறம் வர்ற நாள்ல தேடட்டும்.

எந்த ஆஸ்பத்திரிங்கறது எந்தத் தேதிங்கறத விட பெரிய விஷயம்னு எனக்கு இப்ப தோணுது. தோள் மாட்டினா என்ன பண்ணணும்னு பழகின ஸ்டாஃப் ராத்திரி ரெண்டு மணிக்கும் இருக்காங்களா, மயக்க டாக்டரும் குழந்தை டாக்டரும் கூப்பிட்டா எத்தனை நிமிஷத்துல வருவாங்க, ரத்தம் கையிருப்பு இருக்கா, ஏன்னா பெரிய குழந்தைன்னா பிரசவத்துக்கு அப்புறம் அம்மாவுக்கு உதிரப்போக்கு கூடலாம். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரில கூட்டம் இருக்கும், காத்துக்கிடக்கணும், ஆனா எல்லா துறை டாக்டரும் ஒரே வளாகத்துல இருக்கறது இந்த மாதிரி நேரத்துல பெரிய பலம். வீட்டுக்குப் பக்கத்துல நமக்குப் பழகின சின்ன நர்சிங் ஹோம்னா இந்தக் கேள்விய எல்லாம் முன்னாடியே கேட்டு வெச்சுக்கணும்.

காத்திருக்கறதுன்னு முடிவெடுத்தா சும்மா வீட்டுல உக்காந்திருக்கறது இல்ல. டாக்டர் சொன்ன நாள்ல செக்கப்புக்குப் போகணும், துடிப்பும் தண்ணி அளவும் பாக்கணும், 39க்கு அப்புறம் கர்ப்பவாய் பக்குவமாகிருக்கான்னு கேக்கணும், அப்ப மனசு மாறினா வலி வரவைக்கறதும் சுலபமா நடக்கும். 41 வாரத்த தாண்டி காத்திருக்கறது வெயிட்டு எதுவா இருந்தாலும் நல்லதில்ல. நடுவுல குழந்தை அசைவு குறைஞ்ச மாதிரி தோணினா, பனிக்குடம் உடைஞ்சா, அது பச்சையா வந்தா, ரத்தம் பட்டா, தலைவலியோட கண்ணு மங்கலாத் தெரிஞ்சா விடியட்டும்னு பாக்காம கிளம்பிருங்க, சந்தேகம் கேக்க 104, வண்டிக்கு 108. பையில பிக்மி நம்பர் (கர்ப்பத்த அரசாங்கத்துல பதிவு பண்ணின நம்பர்) எழுதின கார்டு, முதல் ஸ்கேன், சுகர் பாத்த சீட்டு, ரத்த வகை எல்லாம் ஒரே கவர்ல இருக்கட்டும், கூட வர்றவங்களுக்கும் அது எங்க இருக்குன்னு இன்னைக்கே காட்டி வெச்சுடுங்க.